அக்வாபோனிக்ஸ் தண்ணீர்: எந்தக் காரணிக்கு முதலிடம்? ஃபஸி ஏஎச்பி உதவுமா?

பதிவு 1 | மீன்வளமாணவி

எல்லாருக்கும் வணக்கம். முதுநிலை ஆய்வுக்காக அக்வாபோனிக்ஸ் தண்ணீரை எடுத்திருக்கிறேன். ஜிலேபி மீனும் கீரையும் ஒரே தண்ணீரில் வளரும் சின்ன அமைப்புகள்தான் என் களம்.

எந்தக் கையேட்டைத் திறந்தாலும் ஒரு நீளமான பட்டியல் இருக்கிறது. கரைந்த ஆக்ஸிஜன், வெப்பநிலை, பிஎச், காரத்தன்மை (அமிலத்தைச் சமாளிக்கும் திறன்), அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், இரும்பு, பொட்டாசியம், கால்சியம், உப்புத்தன்மை, கலங்கல். மாடியிலோ தோட்டத்து மூலையிலோ இரண்டு தொட்டி வைத்திருப்பவர் இத்தனையையும் தினமும் அளக்க முடியாது. எதை முதலில் பார்ப்பது என்று வரிசைப்படுத்தித் தருவதுதான் என் வேலை.

யோசித்திருக்கும் வழி இது. இதில் எட்டுக் காரணிகளை எடுத்து, அனுபவம் உள்ளவர்களிடம் இரண்டிரண்டாக ஒப்பிடச் சொல்லி, ஃபஸி ஏஎச்பி முறையில் எடை கணக்கிடுவது. ஏஎச்பி என்பது இப்படி ஜோடி ஜோடியாக ஒப்பிட்டு ஒவ்வொன்றின் முக்கியத்துவத்தையும் எண்ணாக்கும் முறை; அந்த ஒப்பீடுகளில் உள்ள உறுதியின்மையையும் கணக்கில் சேர்ப்பது ஃபஸி. "ஆக்ஸிஜன் அம்மோனியாவைவிடச் சரியாக மூன்று மடங்கு முக்கியம்" என்று யாரும் நினைப்பதில்லை. "கொஞ்சம் கூடுதல் முக்கியம்" என்றுதான் சொல்வார்கள். அந்தக் "கொஞ்சம்" என்பதை 3 என்ற ஒற்றை எண்ணாக எடுக்காமல் (2, 3, 4) என்று கீழ், நடு, மேல் மூன்றும் கொண்ட முக்கோண எண்ணாக எடுத்தால், சொன்னவரின் தயக்கமும் கணக்குக்குள் வந்துவிடும்.

எந்த எட்டை எடுக்கலாம்? இந்த முறை இதற்குப் பொருந்துமா? வளர்ப்பவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள் இரண்டு தரப்பும் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதிவு 2 | கொங்குக்கீரை

அம்மணி, நல்ல வேலை எடுத்திருக்கீங்க. ஆனால் உங்கள் கேள்வித்தாள் என் கைக்கு வந்தால் முதல் வரியிலேயே நின்றுவிடுவேன். "ஆக்ஸிஜன் முக்கியமா, இரும்பு முக்கியமா?" என்றால், எதற்கு முக்கியம் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

என் தோட்டத்தில் ராத்திரி கரண்ட் போய் ஏர் பம்ப் நின்றால், நெருக்கமாக மீன் விட்ட தொட்டியில் எனக்கு ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காது. மீன் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அம்மோனியா ஏறினால் ஒரு நாள், இரண்டு நாள் அவகாசம் உண்டு. தீவனத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் தண்ணி மாற்றிச் சமாளிக்கலாம். பிஎச் வாரக்கணக்கில்தான் நகரும். இரும்பு குறைந்தால் மீனுக்கு ஒன்றும் ஆகாது. கீரையின் இளந்தளிர் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதைப் பார்த்த பிறகு இரும்பு போட்டாலும் அடுத்து வரும் இலை பச்சையாக வரும்.

உயிர் பிழைக்க ஆக்ஸிஜன் முக்கியம். கீரை விலை போக இரும்பு முக்கியம். இந்த இரண்டையும் ஒரே கேள்வியில் வைத்தால் நான் அந்த நேரத்து மனநிலைக்கு ஏற்ப ஏதோ ஒன்றை டிக் பண்ணுவேன். அதை எந்த முக்கோண எண்ணும் சரிபண்ணாது.

பதிவு 3 | கணக்குவாத்தி

கொங்குக்கீரை சொன்னதுதான் இந்தத் துறையில் அதிகம் கவனிக்கப்படாத இடம். கல்லூரியில் முடிவெடுப்பு முறைகள் நடத்துகிறேன். கணக்குப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

லோட்ஃபி ஸாதே ஃபஸி கணங்களை 1965-ல் முன்வைத்தார். தாமஸ் சாட்டி 1970களில் ஏஎச்பியை உருவாக்கினார். இரண்டையும் முதலில் சேர்த்தது 1983-ல் வான் லார்ஹோவனும் பெட்ரிச்சும். இவற்றில் சாட்டி ஆரம்பத்திலிருந்தே வலியுறுத்தியது படிநிலை: மேலே குறிக்கோள், நடுவில் அளவுகோல்கள், கீழே தேர்வுகள். குறிக்கோள் ஒரே வாக்கியத்தில், ஒரு முடிவாக இருக்க வேண்டும். "தண்ணீரின் தரம்" என்பது ஒரு தலைப்பு. அதைக் குறிக்கோளாக வைத்தால் ஒவ்வொரு நிபுணரும் தனக்குத் தோன்றிய கேள்விக்குப் பதில் சொல்வார், நாம் அத்தனை பதில்களையும் சராசரி எடுத்து ஒரு எடை என்று அச்சிடுவோம்.

இன்னொன்று, எண்ணிக்கை. எட்டுக் காரணி என்றால் 28 ஜோடி. உங்கள் பட்டியலில் உள்ள பன்னிரண்டையும் எடுத்தால் 66. இருபதாவது ஜோடிக்கு மேல் யாரும் யோசித்துப் பதில் சொல்வதில்லை, வேகமாக முடிக்கப் பார்ப்பார்கள். எட்டை 3, 3, 2 என்று மூன்று குழுவாகப் பிரித்தால் குழுவுக்குள் 7 ஜோடி, குழுக்களுக்கு இடையே 3, மொத்தம் 10. அது நியாயமான அளவு.

பதிவு 4 | சுன்னாகத்தான்

வணக்கம் தங்கச்சி. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல். கிணற்றுத் தண்ணி கடினமானது, கெற்றிலில் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாய்ப் படியும்.

புத்தகங்களில் படித்தால் பிஎச் இறங்கிக்கொண்டே இருக்கும், சுண்ணாம்பு போட்டு ஏற்ற வேணும் என்று இருக்கும். அது உண்மைதான். பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறக்குறைய 7.14 மில்லிகிராம் காரத்தன்மை போய்விடும். ஆனால் அந்த எழுத்தில் பெரும்பங்கு வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரக்கோசி செய்த வேலையிலிருந்து வந்தது. கரீபியனில் இருக்கிற செயின்ட் குரோய் தீவில் அவர் பயன்படுத்தியது மழைத்தண்ணி. அதில் காரத்தன்மை மிகக் குறைவு, அதனால் பிஎச் விழும். கால்சியம் ஹைட்ராக்சைட்டையும் பொட்டாசியம் ஹைட்ராக்சைட்டையும் மாறி மாறிப் போட்டுத்தான் 7-இல் நிறுத்தினார்கள்.

எங்களுக்கு நேர்மாறு. ஆவியாகிற அளவுக்குக் கிணற்றுத் தண்ணி விட விட, காரத்தன்மையும் கூடவே வந்து சேரும். பிஎச் எட்டுக்குக் கீழே இறங்க மாட்டன் என்கிறது. இரும்பு போட்டாலும் செடி எடுப்பதில்லை. இரும்பைச் செடிக்குக் கிடைக்கும்படி பிடித்து வைக்கிற சேர்மங்களில் ஈடிடிஏ வகை அந்த பிஎச்சில் நிற்காது, டிடிபிஏவும் தடுமாறும், ஈடிடிஎச்ஏ வகைதான் தாங்கும், அது விலை.

செயின்ட் குரோய்க்காரரையும் சுன்னாகத்துக்காரரையும் ஒரே பட்டியலில் போட்டுக் காரத்தன்மைக்கு எடை கேட்டால், இரண்டு பேரும் "மிக முக்கியம்" என்றே சொல்லுவம். அவருக்கு அது குறைவென்று பயம், எனக்கு அது கூட என்று பயம். உங்கட எடை ஒன்றுதான், செய்ய வேண்டிய வேலை எதிரெதிர்.

பதிவு 5 | கொங்குக்கீரை

அண்ணா சொல்றது எங்க பக்கத்து போர் தண்ணிக்கும் அப்படியே பொருந்தும். ஆழம் போகப் போக உப்பும் கடினமும் ஏறும். தண்ணியை மாற்றாமல் சுற்றவிடுகிற அமைப்பில் சோடியம் சேர்ந்துகொண்டே போகும், செடி அதை எடுக்காது. மழைத்தண்ணி சேமிக்க ஒரு சின்டெக்ஸ் வைத்து, பாதிக்குப் பாதி கலந்த பிறகுதான் எனக்குப் புதினா ஒழுங்காக வந்தது.

பதிவு 6 | மீன்வளமாணவி

இதை எதிர்பார்க்கவில்லை, மிக்க நன்றி. அப்படியென்றால் தண்ணீர் மூலத்தை வைத்து நிபுணர்களை இரண்டு குழுவாகவே பிரித்துக் கணக்கிட வேண்டும் போல.

கணக்குவாத்தி ஐயா, ஒரு சின்ன உதாரணத்தைக் கையால் போட்டுக் காட்ட முடியுமா? மென்பொருளில் எண்களைக் கொடுத்தால் விடை வந்துவிடுகிறது, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

பதிவு 7 | கணக்குவாத்தி

தாராளமாக. மூன்று காரணி போதும்: ஆக்ஸிஜன், அம்மோனியா, பிஎச். குறிக்கோள்: "வரும் ஒரு வாரத்தில் மீன் சாகாமல் காப்பது." இந்த ஒப்பீடுகள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

ஆக்ஸிஜன், அம்மோனியாவைவிடக் கொஞ்சம் கூடுதல் முக்கியம்: (2, 3, 4).
ஆக்ஸிஜன், பிஎச்சைவிட ஒரு படி மேல்: (1, 2, 3).
பிஎச், அம்மோனியாவைவிட ஒரு படி மேல்: (1, 2, 3).

திருப்பி ஒப்பிடும்போது தலைகீழ் எண்கள். உதாரணமாக ஆக்ஸிஜனுக்கு எதிரே அம்மோனியா (1/4, 1/3, 1/2).

பக்லி 1985-ல் கொடுத்த பெருக்கல் சராசரி முறையில் ஒவ்வொரு வரிசையையும் பெருக்கிக் கனமூலம் எடுக்கிறோம். ஆக்ஸிஜன் வரிசையின் பெருக்கல் (2, 6, 12), கனமூலம் (1.26, 1.82, 2.29). அம்மோனியாவுக்கு (0.44, 0.55, 0.79). பிஎச்சுக்கு (0.69, 1, 1.44). இவற்றின் கூட்டுத்தொகை (2.39, 3.37, 4.53). கீழ் எண்ணை மேல் கூட்டுத்தொகையாலும், மேல் எண்ணைக் கீழ் கூட்டுத்தொகையாலும் வகுத்தால் எடைகள்:

ஆக்ஸிஜன் (0.28, 0.54, 0.96)
அம்மோனியா (0.10, 0.16, 0.33)
பிஎச் (0.15, 0.30, 0.60)

மூன்று முனைகளின் சராசரியை எடுத்து, மொத்தம் 1 ஆகும்படி சரிசெய்தால் 0.52, 0.17, 0.31. நடு எண்களை மட்டும் வைத்து முரண் விகிதம் பார்த்தால் 0.01-க்கும் கீழே. 0.1 வரை சரி என்பது வழக்கம், அதனால் ஒப்பீடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன.

சரி, இப்போது இதே மூன்று தீர்ப்புகளை 1996-ல் சாங் கொடுத்த எக்ஸ்டென்ட் முறையில் போடுங்கள். நிறைய ஆய்வுக் கட்டுரைகள் இதைத்தான் பயன்படுத்துகின்றன. விடை 0.57, 0.08, 0.36. அம்மோனியாவின் எடை பாதிக்கும் கீழே போய்விட்டது. இதோடு நிற்கவில்லை. முதல் ஒப்பீட்டில் "கொஞ்சம்" என்பதை "ரொம்ப" என்று மாற்றி (4, 5, 6) வைத்தால், சாங் முறையில் அம்மோனியாவின் எடை சுத்தமாகப் பூஜ்யம். பக்லி முறையில் அதே தீர்ப்புக்கு 0.13 வருகிறது.

அம்மோனியாவுக்குப் பூஜ்யம் கொடுக்கும் தண்ணீர்த் தர ஆய்வு எவ்வளவு ஆபத்தானது என்று சொல்ல வேண்டியதில்லை. காரணமும் தெளிவு. சாங் முறை இரண்டு முக்கோணங்கள் எவ்வளவு மேற்படிகின்றன என்று பார்க்கிறது. மேற்படியவே இல்லையென்றால் தோற்றதற்கு எதுவும் கிடைக்காது. அது யார் பெரியவர் என்று சொல்லும் அளவு, எடை அல்ல. 2008-ல் வாங், லுவோ, ஹுவா மூவரும் இதை விளக்கி எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகும் அந்த முறை பழக்கத்தால் தொடர்கிறது. உங்கள் ஆய்வில் தயவுசெய்து அதை எடுக்காதீர்கள்.

பதிவு 8 | உணரிப்பொறி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். தொட்டிகளுக்கு உணரிகள் அமைப்பது என் தொழில். ஐயாவின் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். ஃபஸி இல்லாமல் நடு எண்களை மட்டும் வைத்தால் 0.54, 0.16, 0.30. ஃபஸியோடு 0.52, 0.17, 0.31. வரிசை அதே, எண்ணும் கிட்டத்தட்ட அதே. இத்தனை கனமூலம் போட்டு நமக்குக் கிடைத்தது என்ன? சாட்டியே 2007-ல் டிரானோடு சேர்ந்து, ஏஎச்பி தீர்ப்புகளை ஃபஸியாக்குவது செல்லாது என்று தலைப்பிலேயே எழுதினார். தீர்ப்புகளில் ஏற்கெனவே மங்கல் இருக்கிறது, அதன் மேல் இன்னொரு மங்கல் எதற்கு என்பது அவர் வாதம்.

பதிவு 9 | கணக்குவாத்தி

நேர்மையான கேள்வி, சாட்டியின் எதிர்ப்பும் கனமானது. கடைசியில் ஒற்றை எண்ணாகச் சுருக்கி வரிசை மட்டும் அச்சிடுவதாக இருந்தால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, சாதா ஏஎச்பியே போதும்.

ஆனால் சுருக்குவதற்கு முன்னால் இருந்த முக்கோணங்களைப் பாருங்கள். ஆக்ஸிஜன் 0.28 முதல் 0.96 வரை. பிஎச் 0.15 முதல் 0.60 வரை. இரண்டும் நல்ல அகலத்துக்கு மேற்படிகின்றன. அதாவது "ஆக்ஸிஜன் முதலிடம்" என்று நாம் சொல்லலாம், அழுத்திச் சொல்ல முடியாது. ஆக்ஸிஜனும் அம்மோனியாவும் மேற்படிவது 0.28-க்கும் 0.33-க்கும் இடையே ஒரு கீற்று மட்டும். அந்த வரிசையைத் தைரியமாகச் சொல்லலாம். எந்த இடைவெளி உறுதியானது, எது பேச்சுக்கு உட்பட்டது என்பதை ஃபஸி காட்டுகிறது. பெரும்பாலான கட்டுரைகள் இதைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்று தசம இடத்துக்கு எடை கொடுக்கின்றன. 0.308 என்று அச்சிடுகிற ஆய்வு, தான் ஏன் ஃபஸியை எடுத்தோம் என்பதையே மறந்துவிட்டது.

இன்னொரு மங்கலும் இருக்கிறது, அது அளவீட்டில். கொங்குக்கீரை, உங்கள் அம்மோனியா கிட் பற்றிச் சொல்லுங்கள்.

பதிவு 10 | கொங்குக்கீரை

சோதனைக் குழாயில் சொட்டு விட்டுக் குலுக்கி ஐந்து நிமிஷம் வைத்துவிட்டு அட்டையோடு ஒப்பிடணும். மஞ்சளிலிருந்து பச்சைக்குப் போகும். 0.25-க்கும் 0.5-க்கும் நடுவில் இருக்கிற பச்சையை வெயிலில் பார்த்தால் ஒன்று, டியூப்லைட்டில் பார்த்தால் ஒன்று. என் வீட்டுக்காரம்மா 0.25 என்பார், நான் 0.5 என்பேன். "லேசாக இருக்கு", "கொஞ்சம் ஏறியிருக்கு", "ஆபத்து" என்று மூன்றாகத்தான் நாங்கள் எழுதிவைக்கிறோம். அதற்கு மேல் அந்தக் கிட்டால் சொல்ல முடியாது.

அப்புறம் அம்மோனியா மட்டும் தனியாகப் பார்த்துப் பிரயோஜனமில்லை. கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. மீனைக் கொல்வது அதில் அயனியாகாத பங்கு. 28 டிகிரியில் பிஎச் 7 இருந்தால் அந்தப் பங்கு 0.7 சதவீதம்தான். பிஎச் 8 ஆனால் 6.5 சதவீதம். கிட்டில் அதே 2 வந்தாலும், ஒன்றில் 0.014 மி.கி., இன்னொன்றில் 0.13. சுன்னாகத்து அண்ணா தொட்டியில் இருக்கிற 2-க்கு நான் தூங்க மாட்டேன்.

பதிவு 11 | கணக்குவாத்தி

இதற்குத்தான் காத்திருந்தேன். ஏஎச்பி, ஒரே மட்டத்தில் உள்ள காரணிகள் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. அக்வாபோனிக்ஸ் தண்ணீரில் அப்படிச் சாராத ஜோடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வெப்பம் ஏறினால் தண்ணீர் தாங்கும் ஆக்ஸிஜன் குறைகிறது: 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மி.கி., 30 டிகிரியில் 7.6 மட்டுமே. அதே வெப்பம் மீனின் பசியையும் மூச்சையும் கூட்டுகிறது, அம்மோனியாவின் நச்சுப் பங்கையும் கூட்டுகிறது. அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறக்குறைய 4.57 மி.கி. ஆக்ஸிஜன் கேட்கிறது. ஆக்ஸிஜன் குறைந்தால் அது மெதுவாகும், அம்மோனியா ஏறும்.

இப்படிப் பின்னிக்கிடப்பதை வரைய டிமேட்டல் முறை உண்டு. ஜெனீவாவில் இருந்த பட்டேல் ஆய்வு மையத்தில் 1970களில் உருவானது. "எது முக்கியம்" என்று கேட்காமல் "இது அதை எவ்வளவு பாதிக்கும்" என்று கேட்கிறது. ஒவ்வொரு காரணியும் மற்றவற்றுக்குக் கொடுப்பதையும் அவற்றிடமிருந்து வாங்குவதையும் தனித்தனியே கூட்டுகிறோம். கொடுப்பது அதிகமானால் அது காரணப் பக்கம், வாங்குவது அதிகமானால் விளைவுப் பக்கம். இங்கே தீவன அளவும் வெப்பமும் காரணப் பக்கம் போகும், அம்மோனியாவும் நைட்ரைட்டும் விளைவுப் பக்கம் வரும் என்பது வளர்ப்பவர் யாருக்கும் தெரியும். ஆக, அம்மோனியாவை அளக்கிறோம், தீவனத்தைத் திருத்துகிறோம். அளக்க வேண்டியதும் திருத்த வேண்டியதும் வேறு வேறு என்பது எடைப் பட்டியலில் தெரியாது, இதில் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. டிமேட்டலில் இரு திசையும் கேட்க வேண்டும். எட்டுக் காரணிக்கு 56 கேள்வி. தீவனம், வெப்பம், பிஎச், ஆக்ஸிஜன், அம்மோனியா என்று ஐந்தோடு நிறுத்தினால் 20.

பதிவு 12 | விரால்தோட்டம்

எல்லாரும் ஜிலேபியை மனசில் வைத்துப் பேசுகிறீர்கள். நான் விரால் வைத்திருக்கிறேன். விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கும். ஏர் பம்ப் நின்றால் எனக்கு அந்தப் பதற்றம் இல்லை. ஆனால் ஆக்ஸிஜன் எடையைக் குறைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். வேருக்கும், பயோஃபில்டரில் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாவுக்கும் காற்றைக் குடிக்கத் தெரியாது. மீன் நன்றாக இருக்கும், இரண்டு நாளில் நைட்ரைட் ஏறும், வேர் பழுப்பாகும். யாருக்கு முக்கியம் என்றும் கேட்க வேண்டும்: மீனுக்கா, செடிக்கா, பாக்டீரியாவுக்கா?

பதிவு 13 | கணக்குவாத்தி

விரால்தோட்டம் கேட்டதை அப்படியே படிநிலையின் ஒரு மட்டமாக வைக்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று பாக்கி இருக்கிறது. எடைகள் கிடைத்ததும் பலர் செய்யும் அடுத்த வேலை, ஒவ்வொரு காரணிக்கும் 0 முதல் 1 வரை மதிப்பெண் போட்டு, எடையால் பெருக்கிக் கூட்டி, "தண்ணீர்த் தரக் குறியீடு" என்று ஒரு எண் தருவது. என் உதாரணத்தின் எடைகளையே வையுங்கள். ஆக்ஸிஜன் அருமை, 1. பிஎச் அருமை, 1. அம்மோனியா மீனைக் கொல்லும் அளவு, 0. கூட்டினால் 0.83. அதாவது "மிக நன்று". தொட்டியில் மீன் செத்து மிதக்கும்போது குறியீடு மிக நன்று என்கிறது.

கூட்டல் எடை முறையில் ஒன்றின் நிறைவு இன்னொன்றின் குறையை ஈடுகட்டிவிடும். வேலைக்கு ஆள் எடுக்கும்போது, வாகனம் வாங்கும்போது அது நியாயம். உயிர் சம்பந்தப்பட்ட தண்ணீரில் நியாயமே இல்லை. ஆக்ஸிஜன் எவ்வளவு ஏறினாலும் நைட்ரைட் மீனின் ரத்தத்தைப் பழுப்பாக்குவதைத் தடுக்காது.

அதனால் நான் அழுத்திச் சொல்வது: கொல்லக்கூடிய காரணிகளுக்கு எடை கொடுக்காதீர்கள், வாசல் வையுங்கள். ஐநா உணவு வேளாண் நிறுவனத்தின் 2014 கையேடு மீன், செடி, பாக்டீரியா மூன்றுக்கும் பொதுவாகச் சொல்லும் எல்லைகள் இருக்கின்றன: ஆக்ஸிஜன் லிட்டருக்கு 5 மி.கி.க்கு மேல், அம்மோனியாவும் நைட்ரைட்டும் 1-க்குக் கீழ், பிஎச் 6 முதல் 7, வெப்பம் 18 முதல் 30 டிகிரி. இவற்றில் உயிரைத் தொடுகிற எதுவும் எல்லை தாண்டினால் பேச்சே இல்லை, உடனே கவனிக்க வேண்டும். எல்லாக் காரணிகளும் வாசலுக்குள் இருக்கும்போது, மிச்சம் இருக்கிற பணத்தையும் நேரத்தையும் எங்கே போடுவது என்பதற்குத்தான் எடை. அந்த இடத்தில் ஃபஸி முறைகள் நன்றாக உழைக்கும்.

பதிவு 14 | உணரிப்பொறி

இதை நான் முழுமனதாக ஏற்கிறேன். எங்கள் உணரிப் பெட்டிகளிலும் எச்சரிக்கை மணி குறியீட்டைப் பார்த்து அடிக்காது, தனித்தனி எல்லையைப் பார்த்துத்தான் அடிக்கும். எல்லையை மட்டும் கத்திவெட்டாக வைக்காமல் ஃபஸியாக வைக்கலாம். ஆக்ஸிஜன் 5-க்கு மேல் "போதும்", 3-க்குக் கீழ் "அபாயம்", நடுவில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். 4.9-க்கும் 5.1-க்கும் இடையில் மணி அடித்து அடித்து நிற்கும் தொல்லை போய்விடும்.

பதிவு 15 | கொங்குக்கீரை

கடைசியாக ஒன்று கேட்கிறேன் அம்மணி. உங்கள் ஆய்வு முடிந்து "ஆக்ஸிஜன் முதலிடம்" என்று வருகிறது. நான் என்ன செய்யட்டும்? ஆக்ஸிஜன் மீட்டர் வாங்கவா? நல்ல மீட்டர் விலைக்குப் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் வாங்கி, மீதியில் நிழல்வலையும் கட்டிவிடலாம். ஆக்ஸிஜன் எத்தனை என்று எனக்குத் தெரியாமலே மீன் பிழைத்துக்கொள்ளும். அளப்பது வேறு, காப்பது வேறு. சின்ன விவசாயிக்குப் பணம் ஒரு பக்கம்தான் போகும். என்னிடம் காரணியை வரிசைப்படுத்தச் சொல்லாதீர்கள், எதை வாங்கலாம், எதைச் செய்யலாம் என்று கேளுங்கள். மளமளவென்று பதில் வரும்.

பதிவு 16 | மீன்வளமாணவி

அண்ணா, இந்த ஒரு பதிவே என் கேள்வித்தாளை மாற்றிவிட்டது. எல்லாவற்றையும் வைத்து இப்படி அமைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

முதல் பகுதி வாசல். ஆக்ஸிஜன், அம்மோனியா (பிஎச்சோடும் வெப்பத்தோடும் சேர்த்து), நைட்ரைட், வெப்பம். இவற்றை ஒப்பிடச் சொல்லவில்லை. எந்த அளவில் "போதும்", எந்த அளவில் "அபாயம்" என்று ஒவ்வொருவரும் தன் மீனை மனதில் வைத்துச் சொல்லலாம். விரால் வைத்திருப்பவர் விராலுக்குச் சொல்வார்.

இரண்டாம் பகுதியில் குறிக்கோள் ஒரே வரி: "கையில் இருக்கும் குறைந்த பணத்தில் அடுத்து எதைச் செய்தால் இந்த அமைப்பு பத்திரமாக ஓடும்?" அளவுகோல் நான்கு: ஆபத்து வரும் வேகம், வந்தால் இழப்பு, செலவு, கையாளும் எளிமை. இவற்றுக்கு இடையே 6 ஜோடி, பக்லி முறையில் ஃபஸி ஏஎச்பி. தேர்வுகள் ஐந்து: பேட்டரி ஏர் பம்ப், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பார்க்கும் கிட், பிஎச் மீட்டர், மழைநீர்த் தொட்டி, நிழல்வலை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அளவுகோலிலும் "நன்று, பரவாயில்லை, மோசம்" என்று மதிப்பிட்டால் 20 பதில். அதை 2000-ல் சென் விரித்த ஃபஸி டாப்சிஸ் முறையில், மிகச் சிறந்த நிலைக்கு எவ்வளவு அருகில், மிக மோசமான நிலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்கிடுவேன். மொத்தம் 26 பதில். காரணிகளை மட்டும் ஒப்பிட்டபோது வந்த 28-ஐவிடக் குறைவு.

மழைநீர்க்காரர், கடின நீர்க்காரர் இரு குழுவையும் தனித்தனியே வெளியிடுவேன், சேர்த்துச் சராசரி எடுக்கப்போவதில்லை. எடைகளை இரண்டு தசம இடத்தோடு, முக்கோணத்தோடு சேர்த்தே அச்சிடுவேன்.

பதிவு 17 | சுன்னாகத்தான்

நல்லாய் இருக்கு தங்கச்சி. ஒன்று சேருங்கள். முதல் கேள்வியாய் "உங்கள் தண்ணி எங்கிருந்து வருகிறது, அதில் காரத்தன்மை எவ்வளவு" என்று கேளுங்கள். தெரியாதவருக்கு அளந்து கொடுங்கள். இல்லாட்டி யார் எந்தக் குழு என்று உங்களுக்கே தெரியாமல் போகும். கிணறும் மழைத்தண்ணியும் கலந்து விடுகிற ஆட்கள்தான் இங்க கூட.

பதிவு 18 | மீன்வளமாணவி

சேர்த்துவிட்டேன் அண்ணை. கலந்து விடுபவர்களை ஊர் பெயரை வைத்துப் பிரிக்காமல், தொட்டித் தண்ணீரின் காரத்தன்மையை வைத்தே குழுவில் சேர்ப்பேன். கொங்குக்கீரை அண்ணாவிடமும் விரால்தோட்டத்திடமும் முதல் பிரதியைக் கொடுத்து நிரப்பச் சொல்ல ஆசை. எந்தக் கேள்வியில் நிற்கிறீர்களோ அதைக் கோடு போட்டுத் தாருங்கள். அந்தக் கேள்விகளை மாற்றிய பிறகுதான் மற்றவர்களுக்கு அனுப்புவேன்.

பதிவு 19 | கொங்குக்கீரை

அனுப்புங்க அம்மணி. "கையாளும் எளிமை" யாருக்கு என்று அதில் எழுதிவிடுங்கள். எங்க வீட்டில் தினமும் கிட் பார்ப்பது என் வீட்டுக்காரம்மா, ஏர் பம்ப் மாட்டுவது நான். இரண்டு பேரும் தனித்தனியாக நிரப்பித் தருகிறோம்.